கப்பலுக்கும் கொசுறு

சென்றாயன் ஏற்றிவிட்ட எந்த லோடும் இதுவரை வெறும் எண்ணிக்கையில் ஊரைத் தாண்டியதில்லை. நூறு மாங்காய் கேட்டால் நூறோடு கையை நிறுத்துகிறவன் வியாபாரி இல்லை, கஞ்சன் என்பது மொரப்பூர்ப் பக்கத்து மண்டிகளில் யாரும் எழுதி வைக்காத சட்டம். கூடையை இழுத்துக் கட்டுவதற்கு முன்னால் மேலே இரண்டு காய் விழ வேண்டும். அதுதான் கொசுறு. கொசுறு இல்லாமல் போன லோடு, ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பின சம்பந்தி மாதிரி. அந்தப் பக்கத்திலிருந்து ஆள் மறுபடி வராது.

இந்த நம்பிக்கையோடுதான் அவர் கலைமணியின் ஒயின் கம்பெனிக்கு லோடு ஏற்றப் போனார். வம்பும் அங்கேதான் காத்துக்கொண்டிருந்தது.

கலைமணி அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். தோப்பு நிறைய பெங்களூரா மாங்காய். விலை விழுந்த வருஷம் காயை ரோட்டோரம் கொட்டுவதைப் பார்த்து வயிறெரிந்து, வெளியூரில் போய்ப் படித்துவிட்டு வந்து, அரூர் போகிற ரோட்டில் ஷெட் போட்டு, மாங்காயில் ஒயின் காய்ச்சினாள். 'காய்ச்சினாள்' என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "காய்ச்சறது சாராயம்ணா. இது ஊற வைக்கறது" என்பாள். ஊருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சென்றாயன் முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது அவர் மனைவி கோவிந்தம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஊர்ல வேற வேலையே கெடைக்கலியா? சாராயக் கம்பெனிக்கா போற?"

"சாராயம் இல்லடி, ஒயினு. வெளிநாட்டுக்காரன் சோத்துக்கு முன்னாடி கொஞ்சமா குடிப்பானாம். நாம ரசம் குடிக்கற மாதிரி."

"நாம சோத்துக்கு அப்புறந்தான ரசம் ஊத்தறோம்?"

"அதனாலதான் அவன் வெளிநாட்டுக்காரன்."

விளையாட்டாகச் சொன்னாரே தவிர, அந்த வேலை அவருக்கு விளையாட்டில்லை. மாங்காய் வேலை கோடையோடு சரி. அதற்கப்புறம் பெங்களூருக்கு ரயிலேறி, கட்டடத்தில் கலவைச் சட்டி தூக்க வேண்டும். போன முறை நாலாவது மாடியில் ஏறும்போது வலது முழங்கால் 'கடக்' என்றது. அன்றிலிருந்து படி என்றாலே அந்தக் கால் முனகும். கலைமணி வேலையாட்களை வரிசையாக உட்கார வைத்துச் சொன்னது அவர் காதிலேயே நின்றது.

"மொதத் தடவையா கப்பல்ல நம்ம சரக்கு போவுது. ஒரு சிக்கலும் இல்லாம போய்ச் சேந்துச்சின்னா, வருஷம் பூரா லோடு வேலை உங்களுக்குத்தான். எதனா ஏடாகூடம் ஆச்சுன்னா என் மேல வருத்தப்படாதீங்க. ஓசூர்ல ஒரு கான்ட்ராக்டர் மெஷினோட ரெடியா நிக்கறான்."

அந்த மெஷினைச் சென்றாயன் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு முழங்கால் கிடையாது என்பது மட்டும் தெரியும்.

சரக்கு போகிற ஊர் போலந்து. அங்கே ஒரு பெரிய கடைக்காரர் கேட்டிருந்தார். அவருக்கு ருசி பார்க்க முதலில் ஒரு பெட்டி விமானத்தில் போக வேண்டும். மற்றதெல்லாம் பின்னாலேயே கப்பலில். இந்த அனுப்புகிற வேலைக்கெல்லாம் மேலாள் சவுரியப்பன். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு எப்போதும் யாருக்காவது போனில் 'ஓகே ஓகே' சொல்லிக்கொண்டிருப்பவர். மாதா கோயில் பூசையில் சாமியார் கிண்ணத்தில் ஊற்றுவதைத் தவிர வேறு ஒயினைப் பார்த்தறியாதவர்.

அவர்தான் வேலையாட்களுக்கு விளக்கினார். "இத பாருங்க, ஏரோப்ளேன்ல போறதுக்கு எடைக்குக் காசு. ஒவ்வொரு கிராமும் காசு. கப்பல்ல அப்படி இல்ல. கன்டெய்னரு மொத்தத்துக்கும் வாடகை. உள்ள நீ பஞ்ச அடைச்சாலும் ஒண்ணுதான், பாட்டில அடைச்சாலும் ஒண்ணுதான்."

"அப்ப ஏரோப்ளேனு தராசுக் கடை. கப்பலு வாடகை வூடு" என்றான் நஞ்சப்பன். சென்றாயன் கோஷ்டியில் இளசு. வீட்டில் கன்னடம் பேசுகிறவன், வாய் மட்டும் எந்த பாஷையிலும் சும்மா இருக்காது.

"அதேதான். நீ இங்க இருக்க வேண்டிய ஆளே இல்லடா" என்றார் சவுரியப்பன்.

"அதத்தான் சார் எங்கப்பனும் சொல்லுது."

விமானப் பெட்டியைக் கட்டியது ரோசம்மாள். கைவேலையில் சுத்தம், வாய்தான் ஓயாமல் எதையாவது கொறித்துக்கொண்டிருக்கும். கட்டி முடித்துப் பெட்டியை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே பாட்டில்கள் 'டொக்கு டொக்கு' என்று பேசிக்கொண்டன. இடைவெளியை அடைக்கப் பழைய துணி வைத்தால் தராசு ஏறியது. அட்டையை மடித்து வைத்தாலும் ஏறியது. சவுரியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பெங்களூரு ஏர்போர்ட்டுக்கு வண்டி கெளம்பணும். கனம் இருக்கக் கூடாது, ஆட்டமும் இருக்கக் கூடாது. நான் என்னத்த வைப்பேன், காத்தையா?"

"நீங்க போய் டீ குடிங்க சார். நான் பாத்துக்கறேன்" என்றாள் ரோசம்மாள்.

அவர் திரும்பி வந்தபோது பெட்டி ஒட்டி முடிந்திருந்தது. ஆட்டினார், சத்தமில்லை. தராசில் வைத்தார், முன்னைக்கு இப்போது ஒரு சிட்டிகைதான் கூடுதல். "ரோசம்மா, நீ மகராசி!" என்று பெட்டியை அனுப்பி வைத்தார். எதை வைத்தாய் என்று கேட்கத் தோன்றவில்லை. வேலை முடிந்துவிட்டால் கேள்வி எதற்கு?

அடுத்த வாரம் கன்டெய்னர் வந்தது. ஓட்டி வந்தவர் சுபியான், தர்மபுரிக்காரர். அவ்வளவு நீள வண்டியைப் பின்பக்கமாகவே எடுத்து, ஷெட் மேடையில் உரசாமல் ஒட்டி நிறுத்திவிட்டு, ஒன்றுமே செய்யாதவர் மாதிரி இறங்கி நின்றார். கன்டெய்னருக்குள்ளே சுவர், கூரை எல்லாம் வெள்ளித் தாள் போர்த்தியிருந்தது. கடலில் வெயில் ஏறினால் ஒயின் கெட்டுப்போகுமாம்.

"என் கல்யாணத்துக்குப் போட்ட பந்தல்கூட இப்படி மினுக்கல" என்றாள் ரோசம்மாள்.

"உன் மாப்பிள்ள கெட்டுப்போற சரக்கு இல்லியே அக்கா" என்றான் நஞ்சப்பன்.

"யாரு சொன்னா?"

ஒயின் அட்டைப்பெட்டிகளை மரப் பலகைகளின் மேல் அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்திருந்தார்கள். தள்ளுவண்டியில் பலகையோடு தூக்கி உள்ளே கொண்டுபோய் இறக்க வேண்டும். ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது ஆயத்தீர்வை அதிகாரி ஒருவர் வாசலில் நின்று குறித்துக்கொண்டார். இஸ்திரி கலையாத சட்டை, சிரிப்பு வராத முகம். மதுச்சரக்கு வெளியூர் போவதென்றால் அவர் கண்ணெதிரே ஏற்றி, அவர் கண்ணெதிரே பூட்டி, அவர் கையால் சீல் வைக்க வேண்டும்.

சென்றாயன் ஏற்பாட்டையெல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குச் சரியாகப் படவில்லை. கேட்டது எவ்வளவோ அவ்வளவேதான் போகிறது. மேலே ஒரு பெட்டி இல்லை. ஒரு பாட்டில்கூட இல்லை. பக்கத்துத் திருப்பத்தூருக்குப் போகிற மாங்காய்க்கே கொசுறு உண்டு. கடல் தாண்டி, முகம் தெரியாத மனுஷனுக்கு முதன்முதலாகப் போகிற சரக்கு இப்படி மொட்டையாகவா போகும்?

சவுரியப்பன் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார். "சார், மேல ஒண்ணு?"

"மேல என்ன ஒண்ணு?"

"கொசுறுங்க."

சவுரியப்பன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சிரித்தார். "இது மாங்கா லாரி இல்லண்ணா. போங்க, போய் வேலயப் பாருங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

சென்றாயன் வேலையைப் பார்த்தார். ஆனால் மனசு மண்டியிலேயே நின்றது. மொட்டையாகப் போன லோடுக்கு அடுத்த லோடு கிடையாது. அடுத்த லோடு இல்லையென்றால் வருஷ வேலை ஏது? திரும்பவும் பெங்களூர், கலவைச் சட்டி, நாலாவது மாடி, கடக்.

அவருடைய சாப்பாட்டுப் பையில் ஒரு பாட்டில் இருந்தது. அவருடையதேதான். முதல் சரக்கு புட்டியில் இறங்கிய அன்று, கலைமணி வேலையாட்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்திருந்தாள். அதற்கும் வரி கட்டிவிட்டுத்தான் கொடுத்தாள். சென்றாயன் ஒரு மூடி ஊற்றிப் பார்த்தார். புளித்த மாம்பழத்தை யாரோ திட்டிக்கொண்டே பிழிந்த மாதிரி இருந்தது. மூடி வைத்துவிட்டார். மூடியை அச்சுப் பிசகாமல் திருகியதால் புதுசு மாதிரியேதான் இருந்தது. 'அது வூட்டுல இருந்தா நான் இருக்கமாட்டேன்' என்று கோவிந்தம்மாள் அன்று காலையில்தான் பையில் போட்டு அனுப்பியிருந்தாள்.

கம்பெனி சரக்கில் கை வைத்தால்தானே திருட்டு? தன் பாட்டிலைத் தான் கொடுத்தால் அது தர்மம். முதல் பலகையைக் கன்டெய்னரின் தலைமாட்டில் இறக்கியபோது, தோள் துண்டில் பாட்டிலைச் சுற்றி, பலகைக்கும் வெள்ளித் தாளுக்கும் நடுவே செருகினார். 'நல்லா போய்ச் சேரு, சாமி' என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வந்தார். முழங்கால்கூட அன்று அவ்வளவாக முனகவில்லை.

மத்தியானம் கதவைச் சாத்தி, பூட்டி, அதிகாரி சீல் வைத்தார். விரல் தடிமனுக்கு இரும்பு ஆணி. அடித்துச் செருகினால் அறுத்துத்தான் எடுக்க முடியும். சுபியான் சாப்பிட உட்கார்ந்தார். அதிகாரியும் சவுரியப்பனும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். சென்றாயன் பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"எண்ணிக்கை சரிதான சார்?" என்றார் சவுரியப்பன்.

"சரியா இருந்தாத்தான் உங்களுக்கு நல்லது. ஒரு பாட்டில் கொறஞ்சா ஒடஞ்சிபோச்சுன்னு எழுதிக் குடுக்கலாம். ஒரு பாட்டில் கூடிச்சுன்னு வைங்க, அது கணக்குல வராத மது. கடத்தல். லைசென்ஸ் போயிடும், மொதலாளி உள்ள போவணும். துறைமுகத்துல மெஷின் வச்சி உள்ளாற பூராவும் படம் எடுக்கறாங்க. துண்டு பீடி கெடந்தாகூடத் தெரியும்."

சென்றாயன் கையிலிருந்த செம்பு கீழே விழுந்து உருண்டது.

கூடினால் குற்றமா? அவர் பிறந்ததிலிருந்து குறைந்தால்தான் குற்றம். குறைத்தவனைத்தான் மண்டியில் சட்டையைப் பிடிப்பார்கள். கூட்டிக் கொடுத்தவனை எந்த ஊரிலாவது போலீஸ் பிடிக்குமா? அந்த ஊர் எப்படித்தான் பிழைக்கும்?

பிழைக்கிறதோ இல்லையோ, பாட்டில் உள்ளே இருக்கிறது. சீல் வெளியே இருக்கிறது.

ஈரக் கையோடு சவுரியப்பனிடம் ஓடினார். "சார், கதவத் தொறக்கணுங்க. உள்ளாற பல்லி பூந்துடுச்சி."

"பல்லியா? போவட்டும். போலந்துல அதுக்கு யாரு இருக்கா?"

"பல்லி கெட்ட சகுனங்க சார்."

"எங்க வேதத்துல பல்லி சகுனம் இல்ல. போங்கண்ணா."

சென்றாயன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சார், பல்லி இல்லீங்க. என் போனு உள்ள விழுந்துடுச்சி."

சவுரியப்பன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் போனை அழுத்தினார். சென்றாயனின் சட்டைப் பையிலிருந்து ஓங்கிய குரலில் முருகன் பாட்டுக் கிளம்பியது. ரோட்டோர டீக்கடைக்காரர் வரைக்கும் திரும்பிப் பார்த்தார். சென்றாயன் பையை இரண்டு கையாலும் பொத்தினார். முருகன் விரலிடுக்கில் பாடிக்கொண்டே இருந்தார்.

"அட, இங்கதான் இருக்குதா?" என்றார் சென்றாயன்.

"வெயில் அதிகம்ணா. நெழல்ல உக்காருங்க."

அதற்குள் சுபியான் கை கழுவி, வண்டியில் ஏறி, இஞ்சினை உயிர்ப்பித்துவிட்டார். சென்றாயனுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. பேசாமல் இருந்தால் இன்றைக்கு எதுவும் ஆகாது. துறைமுகத்தில் யாரோ படம் எடுப்பார்கள், கலைமணி உள்ளே போவாள். பேசினால் வருஷ வேலை இன்றோடு போய்விடும், அவர் பெங்களூர் போவார். கலவைச் சட்டியை எப்படியும் இறக்கி வைத்துவிடலாம். அந்தப் பெண்ணுக்கு விலங்கு மாட்டினால் அதை யார் இறக்குவது?

நேரே போய் லாரியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். உட்காரும்போது முழங்கால் 'கடக்' என்றது; அவர் கவனிக்கவில்லை.

சுபியான் ஹாரனை ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "ணா! என்ன, மறியலா? கூலிப் பிரச்சினையா இருந்தா நான் போனப்புறம் வச்சிக்கக் கூடாதா? கப்பலுக்கு நேரம் ஆவுது!"

சத்தம் கேட்டுக் கலைமணி ஆபீசிலிருந்து ஓடி வந்தாள். "சென்றாயண்ணா! என்ன இது?"

"மேடம், உள்ளாற ஒரு பாட்டில் ஜாஸ்தியா இருக்குதுங்க."

அதிகாரி டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"எங்கருந்து வந்துச்சு?" என்றாள் கலைமணி. குரல் கீழே இறங்கியிருந்தது. அது கத்தலைவிட மோசம்.

"என்னுதுங்க. நீங்க குடுத்ததுதான். கொசுறா வச்சேன். மொதத் தடவையா போற சரக்கு, மொட்டையா போனா அந்த மனுசன் மறுபடி வாங்குவாருங்களா? நம்ம பேருல்ல கெட்டுப்போவும்? ஜாஸ்தியா குடுத்தா ஜெயிலுன்னு எனக்குத் தெரியாதுங்க. என்னை அனுப்பிடுங்க மேடம், நான் போயிடறேன். ஆனா மொதல்ல கதவத் தொறங்க."

கலைமணி அதிகாரி பக்கம் திரும்பினாள். அவர் போய்ச் சீலையும் கேட்டையும் பார்த்துவிட்டு வந்தார்.

"கேட்டைத் தாண்டல. அதனால தப்பிச்சீங்க" என்றார் கடைசியில். "என் எதிர்லயே அறுக்கணும். மொத்தமும் எறக்கணும். மறுபடி ஏத்தணும். புது சீல், புது பேப்பர். பொழுது சாயறதுக்குள்ள முடியலன்னா உங்க கப்பல் உங்களுக்காக நிக்காது."

சீலை அறுத்தார்கள். கதவு திறந்தது. சென்றாயன் வைத்தது தலைமாட்டில். அதை எடுக்க மொத்தச் சரக்கும் வெளியே வர வேண்டும். கோஷ்டி ஆட்கள் அவர் வம்சத்தையே இழுத்துப் பேசிக்கொண்டு தள்ளுவண்டியைப் பிடித்தார்கள்.

"வைக்கறதுதான் வச்ச, கதவோரமா வைக்கக் கூடாதா?" என்றாள் ரோசம்மாள்.

"கதவோரம் சார் நின்னுட்டிருந்தாரு."

இரண்டாவது பலகையை இழுக்கும்போது நஞ்சப்பன் குறுக்கே பாய்ந்தான். "இத நான் பாத்துக்கறேன்ணா. நீங்க கால் வலிக்காரரு, அப்படி நில்லுங்க."

இவ்வளவு மரியாதை நஞ்சப்பனுக்கு ஏது? அதிகாரிக்கே சந்தேகம் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பலகையின் இடுக்கில் கன்னடப் பேப்பரில் சுற்றிய ஒரு பாட்டில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

"இது?"

"அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டான் நஞ்சப்பன். "ஒரே ஒரு கொசுறுங்க சார்."

அப்புறம் அடுத்தடுத்து வந்தது. ஒன்று ரவிக்கைத் துணிப் பையில் இருந்தது. ரோசம்மாள் கூரையைப் பார்த்தாள். ஒன்று காலுறைக்குள் இருந்தது. அந்தக் காலுறைக்கு யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. அதன் நாற்றத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். கோஷ்டியில் ஒருவர் பாக்கியில்லாமல், கலைமணி கொடுத்த தங்கள் பாட்டிலை வைத்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? எல்லோரும் ஒரே மண்டியில் வளர்ந்தவர்கள்.

"நான் எதுவும் வைக்கலீங்க" என்றார் சுபியான். அவரை யாரும் கேட்கவில்லை.

பாட்டில்களை மேடையில் வரிசையாக நிறுத்தினார்கள். அதிகாரி பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். சவுரியப்பன் பற்களைக் கடித்துக்கொண்டு எல்லோரையும் ஒரு வாங்கு வாங்கினார். "படிச்சிப் படிச்சிச் சொல்றேன், உள்ள ஒரு துரும்புகூட எக்ஸ்ட்ரா போவக் கூடாதுன்னு..."

கடைசிப் பலகையை எடுத்தபோது சென்றாயனின் துண்டுப் பொட்டலம் கிடைத்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளித் தாளில் ஒட்டியபடி கையகலத்துக்கு ஒரு அந்தோணியார் படம் இருந்தது.

எல்லோரும் சவுரியப்பனைப் பார்த்தார்கள்.

"அது... பாட்டில் இல்லியே" என்றார் சவுரியப்பன்.

"இதை நான் எந்தக் காலத்துல எழுதறது?" என்றார் அதிகாரி.

"காணாமப் போனதக் கண்டுபிடிச்சிக் குடுப்பாருங்க சார். கன்டெய்னரு வழியில காணாமப் போச்சுன்னா..."

நஞ்சப்பன் சிரிப்பை அடக்க முடியாமல் தள்ளுவண்டியின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

கலைமணி சிரிக்கவில்லை. பாட்டில் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சென்றாயன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். சாயங்காலம் பெங்களூருக்கு ஒரு ரயில் உண்டு என்பது ஞாபகம் வந்தது.

அந்த நேரத்தில் அவள் போன் 'டிங்' என்றது. எடுத்துப் படித்தாள். படிக்கப் படிக்க நெற்றி சுருங்கியது. திரும்பவும் மேலேயிருந்து படித்தாள்.

"போலந்துக்காரர்தான். ஏரோப்ளேன் பொட்டி போய்ச் சேந்துடுச்சாம்" என்றாள். "ரோசம்மாக்கா, அந்தப் பொட்டியில என்ன வச்சீங்க?"

ரோசம்மாள் சென்றாயன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள். "பாட்டிலு ஆடிச்சிங்க. எது வச்சாலும் கனம் ஏறுதுன்னு சார் கத்தினாரு. கனமே இல்லாத பொருளு எங்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சி..."

"என்னது?"

"காரப்பொரிங்க. நானே பூண்டு தட்டிப் போட்டது, நாலஞ்சு பாக்கெட்டு. இடுக்குல அடைச்சிட்டேன்."

சவுரியப்பன் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கலைமணி படித்துக் காட்டினாள். ஒயின் நன்றாக இருக்கிறதாம். ஆனால் கடைக்காரர் பாதிக் கடுதாசிக்கு மேல் வேறொன்றைப் பற்றித்தான் எழுதியிருந்தார். பாட்டில்களுக்கு நடுவே வைத்திருந்த, வெள்ளையாக, லேசாக, பூண்டும் மிளகாயும் போட்ட அந்தப் பொருள் என்ன? கூட்டாளிகள் எல்லோரும் ஒயினைக் குடித்துக்கொண்டே அதைத் தின்றே தீர்த்துவிட்டார்களாம். இப்படி ஒரு உபசரிப்பை எந்தக் கம்பெனியும் அனுப்பியதில்லையாம். அடுத்த கன்டெய்னர் எப்போது வரும்? அதோடு அந்தப் பொருளும் சேர்ந்து வருமா?

"அடுத்த கன்டெய்னரா?" என்றார் சென்றாயன். தோளிலிருந்து பை நழுவியது.

"நான் சொல்லல?" என்று தள்ளுவண்டியின் பின்னாலிருந்து நஞ்சப்பன் குரல் வந்தது. "கொசுறு போனா ஆள் வரும்!"

அவன் எங்கே சொன்னான்? அது சென்றாயன் சொல்ல வேண்டியது. ஆனால் அவர் அப்போது கீழே விழுந்த பையைத் தேடிக்கொண்டிருந்தார்.

சவுரியப்பன் மெதுவாக எழுந்தார். "மேடம், ஒரு வழி இருக்குது. பேப்பர்ல இலவச சாம்பிள்னு ஒரு லைன் போட்டு, எத்தனைன்னு காட்டி, வரியும் கட்டிட்டா, ஒரு பொட்டி எக்ஸ்ட்ரா தாராளமா அனுப்பலாம். முன்னாடியே சொன்னா கொசுறு. சொல்லாம வச்சாத்தான் கடத்தல்."

"இத அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்களா?" என்றார் சென்றாயன்.

"நீங்க கேக்கவே இல்லியேண்ணா?"

"கேட்டேனே! போனக் காதுல வச்சிக்கிட்டு மாங்கா லாரி இல்லன்னு சொன்னீங்களே!"

சவுரியப்பன் காதிலிருந்த பேனாவை எடுத்து மறு காதில் செருகிக்கொண்டார்.

கலைமணி பெருமூச்சு விட்டாள். "ஓசூர்க்காரனுக்கு இன்னிக்கிப் பதில் சொல்றேன்னு சொல்லியிருந்தேன்."

தள்ளுவண்டியின் பின்னாலிருந்து நஞ்சப்பன் எழுந்து வந்தான்.

"அவன் மெஷினு பொட்டியத் தூக்கும். பூண்டு தட்டுமா? தப்பு பண்ணிட்டு வண்டி முன்னாடி வந்து உக்காருமா?" அவள் உதடு கொஞ்சம் கோணியது. "வேணாம்னு சொல்லிடறேன். வருஷம் பூரா நீங்களே வாங்க. ஆனா இனிமே கன்டெய்னருக்குள்ள போறவங்க பை, துண்டு, காலுறை எல்லாம் வெளியே. சாமி படமும் வெளியே. இப்ப என்ன பாத்துட்டு நிக்கறீங்க? கப்பல் போவுது, ஏத்துங்க!"

அப்புறம் அவர்கள் ஏற்றிய ஏற்றை எந்த மெஷினும் ஏற்றியிருக்காது. சென்றாயனின் முழங்கால் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு தடவை முறையிட்டது. 'இரு, நாலாவது மாடியில்லை, ஒரே ஒரு மேடைதான்' என்று அதைச் சமாதானப்படுத்திக்கொண்டே தள்ளினார். வெயில் மஞ்சளாகும்போது அதிகாரி புதுச் சீலை அடித்துச் செருகினார். அந்தோணியார் சவுரியப்பனின் சட்டைப் பைக்குத் திரும்பியிருந்தார்.

சுபியான் வண்டியைக் கிளப்பினார். அது மேடையை விட்டு நகர்ந்ததும் சென்றாயனுக்கு நெஞ்சுக்குள் பழையபடி எதுவோ உறுத்தியது. இந்த லோடும் மொட்டைதான். எண்ணிக்கை சுத்தம், மேலே ஒன்றுமில்லை. சட்டம் சட்டமாக இருக்கட்டும். ஆனாலும்...

"ரோசம்மா, பொரி இருக்குதா?"

"ஒரு பாக்கெட்டு இருக்குது. எனக்கு வச்சிருக்கேன்."

"குடு இப்படி."

நொண்டிக்கொண்டே ஓடி, கேட்டுக்குப் பக்கத்தில் லாரியைப் பிடித்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, சுபியான் மடியில் பாதிப் பொரியைக் கொட்டினார்.

"என்னாங்கணா இது?"

"வழிக்கு. வச்சிக்க."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதிகாரி. சென்றாயன் பொரிப் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினார். "கேபின்லதாங்க சார் குடுத்தேன். சீலுக்கு உள்ளாற இல்லீங்க."

அதிகாரி லாரியைப் பார்த்தார், சீலைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார். மத்தியானத்திலிருந்து ஒரு டீயைத் தவிர அவரும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார்.

சென்றாயன் ஒரு பிடி அள்ளி அந்தக் கையை நிரப்பினார். அப்புறம், கை நிறைந்த பின்னாலும், மேலே இரண்டு பொரி கூட வைத்தார்.